ஆமையும் பாம்பும் எல்லை கடக்கும்போது: சட்டம் கூறுவது என்ன?

தோட்டப்புறத்தில் வாழும் நமக்கும் ஊர்வன இனத்திற்கும் உள்ள பழக்கம் நெடுநாளையது. விடியுமுன் தலைவிளக்குடன் மரம் சீவப் புறப்படும் தொழிலாளர், சருகுகளினூடே சுருண்டு கிடக்கும் குழிவிரியனுக்கு அஞ்சியே காலை எடுத்து வைப்பர். மலாய் மொழியில் 'ஊலார் காப்பாக்' எனப்படும் இப்பாம்பு, தீபகற்பத்தின் வட மாநிலங்களிலுள்ள ரப்பர்த் தோட்டங்களில் அடிக்கடி காணப்படுவது. செம்பனைக் காட்டில் எலியைத் தேடி வரும் மலைப்பாம்பும், கால்வாய் ஓரத்தில் நாவை நீட்டி நடக்கும் உடும்பும், குட்டையில் தலை தூக்கும் ஆமையும் நம் பிள்ளைகள் நேரிற் கண்டு வளரும் உயிர்கள்.

இவற்றுள் சிலவற்றை வீட்டில் வைத்து வளர்க்கும் விருப்பம் இளைஞரிடையே பெருகியுள்ளது. முன்னாளில் லயத்து வீட்டின் பின்புறத்தில் கோழிக் கூண்டும் புறாக் கூண்டும் இருந்தன. இன்று சில வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் ஆமையோ, பச்சை இகுவானா ஓணானோ, பட்டணத்துக் கடையில் வாங்கிய ஆப்பிரிக்க மலைப்பாம்போ இருக்கக் காணலாம். வளர்த்தவருக்கு அதன்மேல் பற்று ஏற்படுவது இயல்பு. பின்னர் ஒரு நாள் மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கிறது. அல்லது ஓய்வு பெற்ற தந்தை தமிழகத்து உறவினருடன் தங்கப் புறப்படுகிறார். வளர்த்த உயிரையும் உடன் கொண்டு செல்லலாமா என்ற வினா அப்போது எழுகிறது.

நாய்க்கும் பூனைக்கும் உள்ள விதி வேறு. ஊர்வனவற்றுக்கு உள்ள விதி வேறு. நாயைக் கொண்டு செல்பவரிடம் அதிகாரிகள் முதன்மையாக நோக்குவது தடுப்பூசியையும் நோயையும். பாம்பையோ ஆமையையோ கொண்டு செல்பவரிடம் அவற்றிற்கு முன்னதாக ஒரு கேள்வி கேட்கப்படும்: "இது உங்களுக்கு எவ்வாறு கிடைத்தது?" இந்த ஒரு கேள்விக்குப் பத்திரத்துடன் விடை கூற இயலாதவர்க்கு மற்றப் படிகள் எவையும் திறவா. இதனை முதலில் மனத்திற் கொண்டால் பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

வீட்டிலேயே தொடங்கும் சட்டம்

மலேசியத் தீபகற்பத்தில் காட்டுயிர்களைக் காப்பது 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அஃதாவது சட்டம் 716. அதற்கு முன்னர் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தது. இதனை நிறைவேற்றுவது, 'பெர்ஹிலித்தான்' என்று நாம் சுருக்கமாக அழைக்கும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறை. இச்சட்டம் உயிர்களை இரு வகையாகப் பிரிக்கிறது. பாதுகாக்கப்பட்டவை என்னும் வகையிலுள்ள ஒன்றைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் உரிமம், அஃதாவது லைசென்ஸ் வேண்டும். முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை என்னும் வகைக்கு அமைச்சரின் சிறப்பு அனுமதி வேண்டும். அது பெரும்பாலும் உயிரியல் பூங்கா, ஆய்வு போன்ற காரணங்களுக்கே உரியது.

நம் தோட்டங்களிற் காணப்படும் பெரிய மலைப்பாம்பு பாதுகாக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. கால்வாயில் அகப்பட்ட குட்டி மலைப்பாம்பை ஒரு சிறுவன் பெட்டியில் அடைத்து வளர்த்தால், அது தானாக வந்து அகப்பட்டது என்பதால் அவனுடையதாகிவிடாது. உரிமமின்றி வைத்திருத்தலே குற்றம். 2022-இல் நிறைவேறிய திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. மிகக் கொடிய குற்றங்களுக்கு அபராதம் 10 இலட்சம் ரிங்கிட் வரையும், சிறைவாசம் 15 ஆண்டு வரையும் செல்லக்கூடும்.

பலர் இங்குத்தான் தடுமாறுகின்றனர். "இத்தனை ஆண்டு வளர்த்துவிட்டேன், யாரும் கேட்கவில்லை, இப்போது வெளிநாட்டுக்குக் கொண்டு செல்லும் அனுமதியை மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று எண்ணுவர். ஏற்றுமதி அனுமதி வழங்கும் அதிகாரி, அவ்வுயிர் சட்டத்திற்கு மாறாகப் பெறப்பட்டதன்று என்று தாம் நிறைவடைந்த பின்னரே கையெழுத்திட முடியும். இது அவருடைய விருப்பத்தைப் பொறுத்ததன்று. அனைத்துலக உடன்பாட்டிலேயே எழுதப்பட்டுள்ள நிபந்தனை. ஆகவே காட்டிலிருந்தோ, ரசீது தராத சாலையோரக் கடையிலிருந்தோ, முகநூல் வழியாக முகமறியாதவரிடமிருந்தோ பெற்ற உயிருக்குப் பிற்காலத்தில் பத்திரம் தேடுவது, பட்டா இல்லாத நிலத்தை விற்க முயல்வதை ஒத்தது.

மூன்று பட்டியல்கள்

இனி அந்த அனைத்துலக உடன்பாட்டைப் பார்ப்போம். அழியும் நிலையிலுள்ள காட்டு விலங்கு, தாவர இனங்களின் அனைத்துலக வாணிகம் பற்றிய ஒப்பந்தம் என்பது அதன் பெயர். சுருக்கமாகச் 'சைட்டீஸ்' என்பர். 1973 மார்ச் 3-ஆம் நாள் வாஷிங்டன் நகரில் கையெழுத்தாகி, 1975 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. மலேசியா 1978 ஜனவரி முதல் அதன் உறுப்பு நாடு. இந்தியா, இந்தோனேசியா, சிங்கப்பூர் உட்பட 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. இவ்வொப்பந்தத்தை நம் நாட்டில் சட்டமாக்குவது 2008-ஆம் ஆண்டின் சட்டம் 686.

வாணிகம் என்ற சொல்லைக் கண்டு, "நாம் விற்கப் போகவில்லையே, நம்முடைய செல்லப் பிராணிதானே" என்று எவரும் மயங்கலாகாது. உயிருள்ள ஒன்றை எல்லை கடத்தி எடுத்துச் செல்வதே இவ்வொப்பந்தத்தின் கண்ணுக்கு வாணிகம். சொந்த உடைமைகளாகச் சில பொருள்களை எடுத்துச் செல்வோருக்கு ஒப்பந்தத்தில் ஒரு சலுகை உண்டு. உயிருள்ள பிராணிக்கு அச்சலுகை பொருந்தாது.

ஒப்பந்தத்தில் மூன்று பட்டியல்கள் உள்ளன. முதற்பட்டியலில் இருப்பவை அழிவின் விளிம்பில் உள்ளவை. இலாப நோக்குடைய வாணிகம் இவற்றில் கூடாது. ஏனைய காரணத்திற்கும் கொண்டு செல்லும் நாடு, கொண்டு சேர்க்கும் நாடு ஆகிய இரண்டின் அனுமதியும் வேண்டும். அதிலும் சென்று சேரும் நாட்டின் இறக்குமதி அனுமதி முன்னதாகக் கிடைத்தால்தான் இங்குள்ள அதிகாரி ஏற்றுமதி அனுமதியைத் தருவார். நம் ஆறுகளில் வாழும் 'துந்தோங்' என்னும் ஆற்றாமை இதிலுள்ளது. இந்திய உடும்பும் இதிலுள்ளது. ஓட்டின்மேல் மஞ்சள் நட்சத்திரக் கோலம் உடைய இந்திய நட்சத்திர ஆமை நெடுங்காலம் இரண்டாம் பட்டியலில் இருந்து, 2019-இல் ஜெனிவா மாநாட்டின் முடிவால் முதற்பட்டியலுக்கு உயர்த்தப்பட்டது. அதனை அவ்வளவு வேகமாகக் குறைத்தது, வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையும் வளர்ப்புப் பிராணிச் சந்தையுமே.

இரண்டாம் பட்டியலில் இருப்பவை இன்றே அழிந்துவிடக் கூடியவையல்ல. கட்டுப்பாடின்றிப் பிடித்தால் அந்நிலைக்கு வந்துவிடக் கூடியவை. நம் நாட்டு மலைப்பாம்பு, நீர் உடும்பு, நல்லபாம்பு, இராஜநாகம், குளத்துப் பெட்டியாமை, கடைகளில் விற்கும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, அமெரிக்க இகுவானா ஆகியன யாவும் இவ்வகையினவே. இவற்றுக்கு ஏற்றுமதி அனுமதி கட்டாயம். மூன்றாம் பட்டியல், ஒரு தனி நாடு தன் உயிரினத்தைக் காக்கப் பிறநாடுகளின் ஒத்துழைப்பைக் கோரிச் சேர்ப்பது.

'கெக்கோ' எனப்படும் டோக்கே பல்லியைப் பற்றி இங்கு ஒரு சொல். 2010, 2011-ஆம் ஆண்டுகளில் இதன் விலை ஆயிரக்கணக்கில், ஏன் இலட்சக்கணக்கில் என்று வதந்தி பரவியபோது, இரவில் விளக்கை எடுத்துக்கொண்டு பல்லி தேடி அலைந்தோரை நம்மில் பலர் கண்டிருப்போம். எய்ட்ஸ் நோயைக் குணப்படுத்தும் என்றும் கதை கட்டினர். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று பிலிப்பீன்ஸ் நாட்டுச் சுகாதாரத் துறை 2011 ஜூலையில் வெளிப்படையாக எச்சரித்தது. இப்பல்லியும் 2019 முதல் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது.

முறையாகக் கொண்டு செல்லும் வழி

ஓர் இளைஞரை எண்ணிப் பார்ப்போம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்று பொறியியல் முடித்த அவர், பிரிட்டனில் வேலை ஏற்கப் போகிறார். உரிமம் பெற்ற கடையில் நான்காண்டுகளுக்கு முன் வாங்கிய ஆப்பிரிக்க மலைப்பாம்பு ஒன்று அவரிடம் உள்ளது. அவர் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவதாக, அப்பாம்பின் அறிவியற் பெயரை அறிய வேண்டும். கடைக்காரர் வைத்த செல்லப் பெயரைக் கொண்டு எந்த அலுவலகமும் பத்திரம் எழுதாது. ஒரே பெயரால் நாம் அழைக்கும் இரண்டு உடும்புகளுள் ஒன்று முதற்பட்டியலிலும் மற்றொன்று இரண்டாம் பட்டியலிலும் இருப்பதை மேலே கண்டோம். பெயர் தவறினால் சட்டமே மாறிவிடும்.

அடுத்து, வாங்கிய ரசீது, கடையின் உரிம விவரம், அப்பாம்பு முதலில் இந்நாட்டிற்குள் கொண்டுவரப்பட்டபோது பெற்ற இறக்குமதி அனுமதியின் விவரம், அல்லது இங்கேயே பண்ணையில் பொரித்தது எனில் அதற்கான சான்று ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். வாங்கிய அன்றே இவற்றைக் கேட்டுப் பெற்றவர் நிம்மதியாக இருப்பார். நான்காண்டு கழித்துக் கடையைத் தேடிச் செல்பவர், அவ்விடத்தில் கைத்தொலைபேசிக் கடை இருக்கக் காண்பார். பிறப்புச் சான்றிதழைப் பத்திரப்படுத்தும் அதே உறையில் இந்த ரசீதையும் வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பின்னர்ச் சென்று சேரும் நாட்டைக் கேட்க வேண்டும். பலர் இதனை இறுதியில் செய்கின்றனர். முறை அதற்கு நேர்மாறானது. ஒப்பந்தத்தின்படி இரண்டாம் பட்டியல் உயிருக்கு ஏற்றுமதி அனுமதி ஒன்றே போதும் எனினும், தன் நாட்டில் அதனினும் கடுமையான விதியை வைத்துக்கொள்ள ஒவ்வொரு நாட்டிற்கும் உரிமை உண்டு. பிரிட்டன் அவ்வாறு இறக்குமதி அனுமதியையும் கேட்கும் நாடுகளுள் ஒன்று. ஆகவே அங்குள்ள அதிகாரியிடம் முதலில் விண்ணப்பித்து, அந்த அனுமதி உறுதியான பின்னரே பயணச் சீட்டு வாங்குவது அறிவுடைமை.

அதன்பின் பெர்ஹிலித்தானிடம் சைட்டீஸ் ஏற்றுமதி அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேறு நாட்டிலிருந்து இங்கு வந்த உயிராயின் அது மறு ஏற்றுமதிச் சான்றிதழ் எனப்படும். ஏற்றுமதி அனுமதிக்கு உரிய காலம் ஆறு மாதமே. அந்த ஆறு மாதத்திற்குள் புறப்படவில்லையேல் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். பத்திரத்தில் எழுதிய இனம், எண்ணிக்கை, நோக்கம் ஆகியவற்றிற்கும் பெட்டிக்குள் இருப்பதற்கும் சிறிதும் வேறுபாடு இருத்தலாகாது. இரண்டு ஆமைக்கு அனுமதி பெற்றவரின் பெட்டியில் மூன்று ஆமை இருந்தால், மூன்றாவதற்கு அனுமதி இல்லை என்பதே பொருள். நகல் காட்டித் தப்பலாம் என்று எண்ணலாகாது. அனுமதி வழங்கிய துறை கொடுத்த மூலப் பத்திரத்தையே புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் கேட்பர்.

கால்நடை மருத்துவச் சேவைத் துறையின் உடல்நலச் சான்றிதழும் வேண்டும். இது புறப்படும் நாளுக்கு நெருங்கிய காலத்தில் பெற வேண்டியது; எத்தனை நாளுக்குள் என்பதைச் சேரும் நாடே வகுக்கும்.

எஞ்சியிருப்பது விமானம். ஊர்வனவற்றைப் பயணிகள் அமரும் பகுதியில் கைப்பையில் எடுத்துச் செல்ல விமான நிறுவனங்கள் பொதுவாக இசைவதில்லை. சரக்குப் பகுதியில் உயிர்ச் சரக்காகவே ஏற்றுவர். அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிர்ப் பிராணிகளுக்கென்று விதிநூல் ஒன்றை வெளியிட்டு வருகிறது. அதன்படி பாம்பைக் காற்றுப் புகும் துணிப்பையில் இட்டுக் கட்டி, அப்பையைக் காற்றுத் துளைகளுடைய உறுதியான பெட்டியில் வைக்க வேண்டும். உயிர்ப் பிராணி என்றும், எப்பக்கம் மேல் என்றும் பெட்டியின் வெளியே எழுத வேண்டும். ஊர்வன தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ள இயலாதவை. வெப்பநாட்டுப் பாம்பு குளிர்நாட்டு விமான நிலையத்துத் தளத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தால் போதும், இத்தனை பாடும் வீணாகும். எனவே இடையில் விமானம் மாறாத பயணத்தையும், சென்று சேரும் இடத்தில் மிதமான தட்பவெப்பம் நிலவும் மாதத்தையும் தேர்தல் நன்று. பெரிய பாம்பிற்குப் புறப்படுமுன் சில நாள்களாக இரை கொடுப்பதில்லை. செரியாத இரையுடன் பயணம் செய்வது அதற்குத் தீங்கு.

அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்று சிலர் எண்ணுவர். அனைத்துலக அஞ்சல் விதிகள் தேனீ, அட்டை, பட்டுப்புழு போன்ற மிகச் சிலவற்றைத் தவிர உயிருள்ளவற்றை ஏற்பதில்லை.

அருகிலுள்ள நாடுகள்

நம்மவர் மிகுதியாகச் செல்வது பிரிட்டனுக்கன்று, சிங்கப்பூருக்கு. ஜொகூர்ப் பாலத்தை மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் கடக்கும் இளைஞர்க்கு அது வேறு நாடு என்ற எண்ணமே மங்கிவிடுகிறது. பிராணிச் சட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பாலம் மிக நீளமானது. சிங்கப்பூரில் பாம்பு, இகுவானா, நட்சத்திர ஆமை ஆகியவற்றை வீட்டில் வளர்ப்பதற்கே தடை உண்டு. ஊர்வனவற்றுள் ஓரிரு நீராமை வகைகளைத் தவிர ஏனையவற்றைச் செல்லப் பிராணியாக வைத்திருக்க இயலாது. 2019 முதல் இப்பணியை அங்குத் தேசியப் பூங்காக் கழகம் நடத்தி வருகிறது. இங்கு உரிமத்துடன் வைத்திருந்த மலைப்பாம்பாயினும், பாலத்தின் மறுமுனையில் அந்த உரிமத்திற்கு மதிப்பில்லை. நண்பருக்குப் பரிசாக மோட்டார் சைக்கிள் பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றாலும் குற்றம் குற்றமே.

ஆஸ்திரேலியா எந்த ஊர்வனவற்றையும் செல்லப் பிராணியாக உள்ளே விடுவதில்லை. நியூசிலாந்தில் பாம்பு என்பதற்கே இடமில்லை. அங்குக் குடியேறுவோர் முன்கூட்டியே நல்ல வளர்ப்பாளர் ஒருவரிடம் சட்டப்படி ஒப்படைத்துச் செல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

தமிழகத்திற்குச் செல்வோர் ஒன்றை அறிதல் வேண்டும். இந்தியாவிற்கு நிலையாகக் குடிபெயர்வோர் தம் பயணப் பொருளுடன் செல்லப் பிராணி கொண்டுவரும் சலுகை நாய், பூனைக்கு உரியது. ஊர்வனவற்றுக்கு அது பொருந்தாது. தனி இறக்குமதி உரிமமும் சைட்டீஸ் பத்திரமும் வேண்டும். அங்கிருந்து திரும்பும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. நட்சத்திர ஆமை இந்திய வனவிலங்குச் சட்டத்தின் 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் முதல் அட்டவணையில் உள்ளது. அது தொடர்பான குற்றத்திற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். ஊரில் உறவினர் வீட்டு முற்றத்தில் ஊர்ந்து திரிந்த ஆமை என்பதும், பேரப்பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட என்பதும் நீதிமன்றத்தில் செல்லும் வாதங்கள் அல்ல.

நாட்டிற்குள்ளேயும் ஓர் எல்லை உண்டு. சபாவில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், சரவாக்கில் 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் காட்டுயிர்களைக் காக்கின்றன. அவற்றை நடத்தும் துறைகளும் வேறு. தீபகற்பத்தில் பெற்ற உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை மாற்றலாகி அங்குச் செல்வோர், புறப்படுமுன் அம்மாநிலத் துறையிடம் எழுத்து மூலம் கேட்டறிய வேண்டும்.

இன்னொன்று கோயில் மேளத்தைப் பற்றியது. பஜனையில் நாம் தட்டும் கஞ்சிராவின் முகத்திற்கு உடும்புத் தோல் கட்டுவது பழைய வழக்கம். உயிருள்ள பிராணிக்கு மட்டுமின்றி அதன் தோல், ஓடு, எண்ணெய் ஆகியவற்றிற்கும் இந்தச் சட்டங்கள் பொருந்தும். இந்திய உடும்பு முதற்பட்டியலில் உள்ளது என்பதை மேலே கூறினோம். தமிழகத்திலிருந்து கஞ்சிரா வாங்கி வருவோர் ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கட்டியதைக் கேட்டு வாங்குதல் வேண்டும். நாதம் சற்று மாறுபடும் என்று வித்துவான்கள் குறைபடுவர். அதற்காகச் சுங்கச் சாவடியில் விளக்கம் கூறிக்கொண்டிருக்க முடியாது.

பிறர் கொடுக்கும் பை

பாம்பும் வளர்க்கவில்லை, ஆமையும் வளர்க்கவில்லை என்று இதுவரை படித்தோர் எண்ணியிருக்கலாம். அவர்களுக்கும் இச்சட்டத்தில் ஓர் ஆபத்து உள்ளது. விமான நிலையத்தில் ஒருவர் அணுகுகிறார். ஊர் விசாரிக்கிறார், நம் தோட்டத்துப் பெயரைச் சொன்னதும் தமக்கும் அங்கு உறவு உண்டு என்கிறார். "அண்ணே, என் பெட்டி எடை கூடிவிட்டது. இந்த ஒரு சின்னப் பையை மட்டும் உங்கள் பெயரில் போடுங்கள். அங்கே என் மச்சான் வந்து வாங்கிக்கொள்வார். உங்கள் டிக்கெட் செலவையும் நானே கொடுத்துவிடுகிறேன்" என்று கெஞ்சுகிறார். இவ்வாறு பை சுமப்போரைச் சென்னையில் 'குருவி' என்று கூறுவர். பெயர் இனிமையானது, அப்பெயரால் சிறை சென்றோர் பலர்.

2023 ஏப்ரல் 28-ஆம் நாள் கோலாலம்பூரிலிருந்து சென்னையில் வந்திறங்கிய ஒரு பெண் பயணியின் பெட்டிகளில், பல இனங்களைச் சேர்ந்த 22 பாம்புகளையும் ஒரு பச்சோந்தியையும் இந்தியச் சுங்க அதிகாரிகள் கண்டெடுத்தனர். எதிர்த் திசையில், சென்னையிலிருந்து மலேசியாவிற்குப் புறப்படும் பெட்டிகளில் நட்சத்திர ஆமைகள் பன்முறை பிடிபட்டுள்ளன. ஓட்டையும் காலையும் ஒட்டுநாடாவால் சுற்றி, அசையாவண்ணம் துணிகளுக்கிடையே அடுக்கி வைப்பது கடத்தற்காரரின் வழக்கம். பாதி வழியிலேயே பல இறந்துவிடும்.

நம் நாட்டில் நடந்த ஒரு வழக்கையும் அறிந்துகொள்வோம். 2010 ஆகஸ்டில் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஜாக்கர்த்தாவிற்குச் சென்ற வணிகர் ஒருவரின் பெட்டி, கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் பொருள் செல்லும் நகரும் பட்டையின்மீது உடைந்து திறந்தது. உள்ளே 95 போவா பாம்புகள் இருந்தன. இரண்டு நச்சு விரியன்களும் ஓர் ஆமையும் உடனிருந்தன. போவா நம் காட்டுப் பாம்பன்று, அமெரிக்கக் கண்டத்தது. ஆயினும் அனுமதியின்றி ஏற்றுமதி செய்ததாகச் சட்டம் 686-இன் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதச் சிறையும் 1,90,000 ரிங்கிட் அபராதமும் முதலில் விதிக்கப்பட்டன. அது போதாது என்று அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்ய, உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பரில் தண்டனையை ஐந்தாண்டுச் சிறையாக உயர்த்தியது. 2012 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பதினேழரை மாதமாகக் குறைத்து விடுவித்தது. அந்தக் குறைப்பைப் பலர் குறை கூறினர். எழுதுபவனும் அவர்கள் பக்கமே.

வழக்காடவும் அபராதம் செலுத்தவும் அத்தகைய வணிகர்க்குப் பொருள் உண்டு. தொழிலாளிக்கு? சட்டம் 686-இன் பத்தாம் பிரிவின்படி, அனுமதியின்றி ஏற்றுமதியோ இறக்குமதியோ செய்யும் தனி ஆளுக்கு ஒவ்வோர் உயிருக்கும் 1,00,000 ரிங்கிட் வரை, மொத்தம் 10,00,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஏழாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2025-இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஓர் ஆமைக்கான உச்ச அபராதத்தைச் செலுத்த, ஒரு காசும் உண்ணாமலும் உடுக்காமலும் ஏறத்தாழ 59 மாதம் மரம் சீவ வேண்டும். பையில் பத்து ஆமை இருந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

பையில் இருந்தது தமக்குத் தெரியாது என்று கூறுவோர் அதனை மெய்ப்பிக்கப் பெரிதும் பாடுபட வேண்டும். பெட்டியில் ஒட்டிய சீட்டில் இருப்பது அவர் பெயர். ஆகவே தாமே அடுக்காத பையைத் தம் பெயரில் ஏற்றுதல் கூடாது. உறவினர் வற்புறுத்தினாலும், அவர் முன்னிலையிலேயே பையைத் திறந்து ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும். உண்மையில் புடைவையும் ஊறுகாயும் அனுப்புகிறவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இத்தனை கெடுபிடி ஏன்?

ஓர் ஆமையால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் சிறு ஆமைகளைக் கையாண்ட குழந்தைகளிடையே சால்மொனெல்லா என்னும் குடல் நோய் பரவியதால், 1975-இல் அந்நாடு ஓடு நான்கு அங்குலத்திற்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. ஊர்வன பலவற்றின் குடலில் இக்கிருமி இருக்கும். ஆயினும் அவற்றிடம் நோயின் அடையாளம் தோன்றாது. அவற்றைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாத குழந்தையே படுக்கையில் விழும்.

செல்லமாக வாங்கிப் பின்னர் விட்டெறிந்த பர்மிய மலைப்பாம்பு, அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சதுப்பு நிலத்தில் பெருகி அங்குள்ள சிறு விலங்குகளைப் பெரிதும் அழித்துவிட்டது. பசிபிக்கிலுள்ள குவாம் தீவில், இரண்டாம் உலகப் போரின் பின் கப்பற் சரக்கோடு வந்து சேர்ந்த ஒரு மரப்பாம்பு காட்டுப் பறவைகளுள் பெரும்பாலானவற்றை இல்லாமற் செய்தது. நம் குளங்களிலும் அமெரிக்கச் செங்காது ஆமை நீந்துவதைக் காண்கிறோம். வேண்டுதலுக்காகக் கோயிற் குளத்தில் விட்டோரும், வளர்ந்ததும் சலித்துப்போய் விட்டோரும் கொண்டு சேர்த்தவை அவை.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால்

பத்திரமில்லாத ஊர்வன ஒன்று வீட்டில் இருப்பதை இக்கட்டுரையைப் படித்தபின் உணர்வோர் செய்யத் தகாதவை இரண்டு: இருட்டிய பின் தோட்டத்தில் விட்டுவிடுவது, வேறொருவருக்கு விற்றுவிடுவது. முன்னது, அயல்நாட்டு உயிராயின் இந்நாட்டு உயிர்களுக்குக் கேடு. பின்னது இரண்டாவது குற்றம். மாநிலப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தைத் தாமே அணுகி ஒப்படைக்க விரும்புவதாகக் கூறுதல் முறை. தனியே செல்லத் தயங்குவோர் தோட்ட அலுவலகக் கிராணியையோ தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ உடனழைத்துச் செல்லலாம். விண்ணப்பத் தாள்கள் மலாய் மொழியில் இருப்பதால், படித்த பிள்ளைகள் பெற்றோர்க்கு இதில் உதவ வேண்டும்.

வீட்டிற்குள் பாம்பு புகுந்தால் அதனைப் பிடித்துப் பெட்டியிலடைத்து வளர்க்கவோ விற்கவோ முயலாமல், 999 என்ற எண்ணில் அழைத்துப் பொதுத் தற்காப்புப் படையினரையோ தீயணைப்பு வீரரையோ வரவழைக்கலாம். அவர்கள் வரும்வரை பிள்ளைகளை அப்பால் நிறுத்தி, பாம்பு எப்பக்கம் சென்றது என்பதை மட்டும் தொலைவிலிருந்து நோக்கியிருந்தால் போதும்.